செய்ய இடமற்றவர்கள்

ஓர் ஊரின் குடிநீர் கெட்டால் அந்த ஊர் நோயில் விழும் என்பதை இன்று யாரும் விவாதிப்பதில்லை. காற்று, உணவு, சாக்கடை, கொசு என்று உடலைச் சூழ்ந்திருக்கும் பலவற்றையும் பொதுச் சுகாதாரத் துறை தன் கணக்கில் சேர்த்துக்கொண்டுவிட்டது. ஆனால் ஒரு மனிதர் காலையில் எழுந்ததிலிருந்து இரவு படுக்கும்வரை என்ன செய்கிறார், அதைச் செய்ய அவருக்கு வாய்ப்பிருக்கிறதா, எதைச் செய்வது என்பதில் அவர் சொல்லுக்கு மதிப்பிருக்கிறதா என்ற கேள்விகள் அந்தக் கணக்குக்குள் வருவதில்லை. பொருளாதாரத்தின் கேள்வி என்றோ, அவரவர் குணத்தின் கேள்வி என்றோ அவற்றை ஒதுக்கிவிடுகிறோம். ஆஸ்திரேலியாவில் கற்பித்து ஓய்வுபெற்ற ஆன் வில்காக் தன் பணிக்காலத்தின் பெரும்பகுதியை இந்த ஒதுக்கலை எதிர்ப்பதில் செலவிட்டார். மருத்துவர்களின் நிழலில் இயங்கும் ஆக்குபேஷனல் தெரபி என்ற துறையைச் சேர்ந்தவர் அவர். செய்வதற்கு இடமில்லாமல் போவது நோய்க்குக் காரணமாகும், அந்த இடத்தைப் பறிப்பவை பெரும்பாலும் அமைப்புகள்தான் என்பது அவருடைய வாதத்தின் சாரம். இந்த வாதம் சரியானது என்று நினைக்கிறேன். அதற்கு அவர் இட்ட அடித்தளத்தில் எனக்கு முழு நம்பிக்கை இல்லை. அதைவிட உறுதியான அடித்தளம் இருக்கிறது என்பதையும், அதன்மேல் நின்றால்தான் இந்த வாதத்தைத் தவறான கைகளிலிருந்து காக்க முடியும் என்பதையும் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம்மில் பலருக்கு ஆக்குபேஷனல் தெரபி என்றால் பக்கவாதம் வந்தவர் மீண்டும் கரண்டி பிடிக்கப் பழகும் அறை, அல்லது ஆட்டிசம் உள்ள குழந்தை சட்டைப் பொத்தான் போடக் கற்கும் அறை. இன்றைய நடைமுறைக்கு அது பொருத்தமான சித்திரம்தான். ஆனால் துறை தொடங்கிய இடம் வேறு. 1917 மார்ச்சில் நியூயார்க் மாநிலத்தின் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூரில், ஒரு வீட்டில் கூடிய சிலர் அமெரிக்காவில் இதற்கென ஒரு சங்கத்தை நிறுவினார்கள். வீட்டுக்காரரான ஜார்ஜ் பார்ட்டன் கட்டடக் கலைஞர். காசநோயாலும் உடலின் ஒரு பக்கம் செயலிழந்ததாலும் முடங்கிக்கிடந்து, தச்சு வேலையாலும் தோட்ட வேலையாலும் தன்னை மீட்டுக்கொண்டவர். உடன் இருந்த எலினர் கிளார்க் ஸ்லேகில், சிகாகோவில் குடியேறிய ஏழைகளுக்காக இயங்கிய ஹல் ஹவுஸ் வட்டாரத்தில் உருவானவர். மனநல மருத்துவர் அடால்ஃப் மேயர் 1922இல் வெளியிட்ட கட்டுரையில், மனநோயாளிகளின் துன்பத்தில் பெரும்பங்கு வாழும் முறையிலும் நேரத்தைப் பயன்படுத்தும் முறையிலும் ஏற்பட்ட சிக்கல் என்று வாதிட்டார். இங்கிலாந்தில் 1930இல் பிரிஸ்டல் நகரில் முதல் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கிய எலிசபெத் காசன், மருத்துவம் படிப்பதற்கு முன்பு லண்டன் ஏழைகளின் வீட்டுவசதிக்காக உழைத்த ஆக்டேவியா ஹில்லிடம் வேலை பார்த்தவர். துறையின் வேர் சமூகச் சீர்திருத்தத்தில் இருந்தது என்பதற்கு இந்தப் பெயர்களே சான்று. பிறகு அது மருத்துவத்தின் அங்கீகாரத்தைத் தேடிப்போனது. 1935இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் இத்துறையின் பள்ளிகளுக்கு அங்கீகாரம் வழங்கத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் மூட்டு எத்தனை பாகை மடங்குகிறது, தசைக்கு எவ்வளவு வலு என்று அளப்பதே முதன்மையான வேலையானது. 1961இல் மேரி ரைலியும் 1966இல் எலிசபெத் யெர்க்ஸாவும் ஸ்லேகில் பெயரால் நடக்கும் சொற்பொழிவுகளில் துறை தன் சாரத்தை இழக்கிறது என்று எச்சரித்தார்கள். 1989இல் யெர்க்ஸாவும் உடன் பணியாற்றியவர்களும் தெற்கு கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் ஆக்குபேஷனல் சயின்ஸ் என்ற பெயரில் முனைவர் படிப்பைத் தொடங்கினார்கள். மனிதர்கள் செய்வதைப் பற்றிய அறிவு, சிகிச்சையின் துணைக்கருவியாக இல்லாமல் தனக்கெனவே வளர வேண்டும் என்பது அதன் கொள்கை.

வில்காக்கின் பணி இந்த இடத்தில்தான் பொருந்துகிறது. இங்கிலாந்தில் பயிற்சி பெற்று ஆஸ்திரேலியாவில் குடியேறிய அவர் தென் ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் பின்னர் டீக்கின் பல்கலைக்கழகத்திலும் கற்பித்தார். புதிய அறிவுத்துறைக்கான ஆய்விதழை 1993இல் நிறுவி அதன் ஆசிரியராக இருந்தார். மனிதருக்குச் செயல் ஏன் தேவை என்ற அவருடைய கோட்பாட்டுக் கட்டுரையும் அந்த ஆண்டுதான் வந்தது. செயலின் பார்வையில் உடல்நலத்தை ஆராயும் அவருடைய முதன்மையான நூல் 1998இல் வெளியாகி, 2006இல் பெரிதும் விரிந்து, 2015இல் கிளேர் ஹாக்கிங்குடன் சேர்ந்து மூன்றாம் பதிப்பு கண்டது. 2001லும் 2002லும் பிரிட்டிஷ் ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகளின் கல்லூரி வெளியிட்ட அவருடைய இரு தொகுதி வரலாறு, துறையின் கதையை 1917க்கு வெகு முன்னால் கொண்டுபோகிறது. 1796இல் வில்லியம் டியூக் யார்க் நகரில் மனநோயாளிகளின் சங்கிலிகளைத் தவிர்த்து அன்றாட வேலைகளைத் தந்த இல்லம் அந்த வரலாற்றில் முக்கியமான ஒரு நிறுத்தம். இத்தனையிலும் வில்காக் எடுத்த துணிச்சலான அடி என்று நான் கருதுவது ஒன்றுதான். 1986இல் உலக சுகாதார நிறுவனத்தின் மாநாடு ஒன்றில் பிறந்த ஒட்டாவா சாசனத்தை அவர் தன் துறையின் கையில் கொடுத்தார். நலம் என்பது மருத்துவமனைக்கு வெளியே, மக்கள் அன்றாடம் புழங்கும் இடங்களில் உருவாகிறது என்று அந்தச் சாசனம் சொன்னது. அப்படியானால் ஒரு நோயாளியின் கையைச் சீராக்குவதோடு நம் வேலை முடிவதில்லை, ஒரு மக்கள்கூட்டம் முழுவதற்கும் என்ன செய்யக் கிடைக்கிறது என்று கேட்பதும் நம் வேலை என்றார் அவர். செய்தல், இருத்தல், ஆதல் என்ற மூன்றையும் 1998இல் ஒன்றாக வைத்துப் பேசியவர், பின்னர் சேர்ந்திருத்தல் என்ற நான்காவதையும் கூட்டிக்கொண்டார்.

இனி அடித்தளம். வில்காக் தன் கோட்பாட்டைப் பரிணாம உயிரியலின்மேல் நிறுத்தினார். பசியும் தூக்கமும் போலச் செயலில் ஈடுபடும் உந்துதலும் மனித உடலிலேயே பொதிந்த தேவை என்பது அவர் கருத்து. உடலின் உடனடித் தேவைகளைத் தீர்ப்பது, பாதுகாப்புக்கும் மேம்பாட்டுக்குமான திறன்களையும் சமூக அமைப்புகளையும் வளர்ப்பது, அவரவர் ஆற்றலைப் பயன்படுத்தி மலர்வது ஆகிய மூன்றுக்கும் செயலே வழி என்று அவர் காட்டினார். கவர்ச்சியான வாதம்தான். ஆனால் பரிணாமத்திலிருந்து இன்றைய மனிதரின் தேவைகளுக்குத் தாவும் எல்லா வாதங்களுக்கும் உள்ள குறை இதற்கும் உண்டு. வேட்டையாடித் திரிந்த காலத்தை வைத்து எதையும் நியாயப்படுத்திவிடலாம். ஓய்ந்திருப்பதும் ஆற்றலைச் சேமிப்பதும் மனித இயல்பு என்று அதே சான்றுகளைக் கொண்டு ஒருவர் எதிர்த்து வாதிடலாம். செயல் மனிதருக்குத் தேவை என்பதை நிறுவ இவ்வளவு தூரம் பின்னோக்கிப் போக வேண்டியதில்லை. செயலைப் பறித்தால் மனிதர்களுக்கு என்ன ஆகிறது என்று பார்த்தால் போதும். அதைப் பார்த்து எழுதியவர்கள் இருக்கிறார்கள்.

வியன்னாவுக்கு அருகில் மரியந்தால் என்ற ஊர் ஒரே ஒரு நூற்பாலையை நம்பி வாழ்ந்தது. 1929இல் தொடங்கிய பொருளாதார நெருக்கடியில் ஆலை மூடப்பட்டது. அங்கிருந்த 478 குடும்பங்களில் ஏறக்குறைய முக்கால்வாசியில் ஒருவருக்குக்கூட வேலை இல்லை. மரீ யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் ஸைசல் ஆகியோரின் குழு அங்கு சென்று தங்கி, கண்டதை எல்லாம் அளந்து 1933இல் நூலாக வெளியிட்டது. அவர்கள் அளந்த விதம் இன்றும் வியக்கவைக்கிறது. தெருவில் நடப்பவர்கள் எத்தனை முறை நிற்கிறார்கள் என்று ஒளிந்திருந்து எண்ணினார்கள். தினசரி நேரக் குறிப்புத் தாள்களை நிரப்பச் சொன்னார்கள். நூலகப் பதிவேடுகளைப் புரட்டினார்கள். வேலையற்றவருக்கு நேரம் இருக்கிறது, ஆகவே நிறையப் படிப்பார், அரசியல் பேசுவார், சங்கங்களில் இயங்குவார் என்பதே அன்றைய எதிர்பார்ப்பு. நடந்தது நேர்மாறு. 1929க்கும் 1931க்கும் இடையில் நூலகத்தில் புத்தகம் எடுப்பது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. அதுவும் கட்டணத்தை நீக்கிய பிறகு. ஆண்கள் தெருவில் மெதுவாக நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள். பலர் கடிகாரம் எடுத்துச்செல்வதையே விட்டுவிட்டார்கள். எழுந்தது, மதியம் சாப்பிட்டது, படுத்தது ஆகியவற்றுக்கு நடுவே என்ன செய்தோம் என்பதை அவர்களால் குறிப்புத் தாளில் எழுத முடியவில்லை. பெண்களின் நிலை வேறாக இருந்தது. சமையலும் துவைப்பதும் ஒட்டுப்போடுவதும் குழந்தைகளும் அவர்கள் நாளுக்கு ஒழுங்கைத் தந்துகொண்டிருந்தன, பணம் குறைந்ததால் அந்த வேலைகளின் சுமை கூடியும் இருந்தது. அப்படியிருந்தும் அவர்களில் பலர் ஆலை திறந்தால் திரும்பிப் போகவே விரும்பினார்கள். அது இரட்டைச் சுமை என்று தெரிந்தே விரும்பினார்கள், ஏனென்றால் ஆலை அவர்களை வீட்டுக்கு வெளியே நான்கு பேருடன் சேர்த்து வைத்திருந்தது. யஹோடா பின்னாளில் வேலை தருபவற்றைப் பட்டியலிட்டபோது கூலியைத் தனியே வைத்துவிட்டு, நேரத்தின் ஒழுங்கு, குடும்பத்துக்கு வெளியேயான உறவு, பலரோடு சேர்ந்த ஒரு நோக்கம், சமூகத்தில் ஓர் இடம், இடையறாத ஈடுபாடு ஆகிய ஐந்தைக் கூறினார். வில்காக் சொல்லும் செய்தலும் ஆதலும் சேர்ந்திருத்தலும் இந்தப் பட்டியலில் ஏற்கெனவே இருக்கின்றன. அதற்கு உயிரியல் துணை தேவைப்படவில்லை.

இங்கே நியாயமான மறுப்பு ஒன்று எழும். மரியந்தால் மக்களை முடக்கியது வேலையின்மையா, வறுமையா? அந்த நூலிலேயே இதற்கான சான்று இருக்கிறது, அதை மறைப்பது நேர்மையாகாது. ஆய்வாளர்கள் குடும்பங்களை மனநிலைப்படி பிரித்துப் பார்த்தபோது, உடைந்துபோகாத குடும்பங்களில் ஓர் ஆளுக்கு மாதம் சராசரியாக 34 ஷில்லிங்கும், எதிலும் பற்றற்றுப்போன குடும்பங்களில் 19 ஷில்லிங்கும் கிடைத்துக்கொண்டிருந்தது. நடுவில் இருந்த பிரிவுகளும் அதே வரிசையில் அமைந்தன. பணம் குறையக் குறைய மனம் உடைந்தது என்பதே இதன் பொருள். ஆகவே செயல் மட்டும் போதும், பணம் பெரிதல்ல என்று சொல்பவர் இந்த ஆய்வைத் துணைக்கு அழைக்க முடியாது. ஆனால் பணம் மட்டுமே காரணம் என்றால் இலவசமாகக் கிடைத்த புத்தகங்களை எடுப்பது ஏன் பாதியாகக் குறைந்தது? நடப்பதற்கும் நின்று பேசுவதற்கும் காசு தேவையில்லை. ஆனாலும் நடையில்கூட மாற்றம் தெரிந்தது. வறுமையும் செயலின்மையும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு இறுக்குகின்றன என்றே நான் இந்தச் சான்றுகளைப் படிக்கிறேன். லண்டன் அரசு ஊழியர்கள் 10,308 பேரை 1985 முதல் தொடர்ந்து கவனித்த இரண்டாம் வைட்ஹால் ஆய்வு இன்னொரு பக்கத்தைக் காட்டியது. அவர்கள் யாரும் வேலையற்றவர்கள் இல்லை. ஆனாலும் தங்கள் வேலையை எப்படிச் செய்வது என்று தீர்மானிக்கும் உரிமை குறைவாக இருந்தவர்களிடம் இதயநோய் அதிகமாகக் காணப்பட்டது. செய்ய ஒன்று இருப்பது போதாது, அதில் தன் சொல்லும் செல்ல வேண்டும். நான் மேலே குறிப்பிட்ட உறுதியான அடித்தளம் இதுதான். செயலின் தேவையை உடலின் இயல்பிலிருந்து பெறுவதைவிட, தன் நாளின்மேல் ஒருவருக்குள்ள அதிகாரத்திலிருந்து பெறுவது பாதுகாப்பானது. ஏன் பாதுகாப்பு என்று சொல்கிறேன் என்பது பின்னால் விளங்கும்.

மருத்துவத் துறையினர் கேட்கும் கேள்வி வேறு. தத்துவம் இருக்கட்டும், பரிசோதனையில் நிரூபித்தீர்களா என்பார்கள். நிரூபிக்க முயன்றவர்கள் உண்டு. லாஸ் ஏஞ்சலிஸில் ஃப்ளோரன்ஸ் கிளார்க் தலைமையிலான குழு, அறுபது வயதைத் தாண்டிய 361 பேரை மூன்றாகப் பிரித்தது. ஒரு பிரிவினர் ஒன்பது மாதம் ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகளோடு தங்கள் அன்றாட வாழ்க்கையை ஆராய்ந்து மாற்றியமைத்தார்கள்: பேருந்தில் போவது எப்படி, கைக்காசை எப்படிப் பயன்படுத்துவது, எந்த ஈடுபாடுகளை மீண்டும் தொடங்குவது என்பவை அங்கே பேசப்பட்டன. இன்னொரு பிரிவினர் கூடிப் பொழுதுபோக்கினார்கள். மூன்றாம் பிரிவுக்கு எதுவும் தரப்படவில்லை. 1997இல் வெளியான முடிவின்படி முதல் பிரிவினரின் உடல்நலமும் வாழ்க்கைத் திருப்தியும் பல அளவுகோல்களில் மேம்பட்டிருந்தன. வெறுமனே கூடிப் பொழுதுபோக்கியவர்களுக்கும் எதுவும் பெறாதவர்களுக்கும் வேறுபாடு தெரியவில்லை. இந்தக் கடைசிச் செய்தியே எனக்கு முக்கியம். முதியவர்களை ஒரு கூடத்தில் உட்காரவைத்துப் பொழுதைப் போக்கினால் போதும் என்ற எண்ணத்துக்கு அது பதில். ஆனால் இதே முறையைத் தழுவி பிரிட்டனின் ஷெஃபீல்டிலும் வட வேல்ஸிலும் 288 முதியவர்களிடம் நடத்திய ஆய்வு, 2017இல் வெளியானபோது, மனநலத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதையும் காட்டவில்லை. இதை ஒரு தோல்வி என்று தள்ளிவிடவும் கூடாது, கண்டுகொள்ளாமல் விடவும் கூடாது. லாஸ் ஏஞ்சலிஸில் பங்கேற்றவர்களில் பலர் அரசு மானியக் குடியிருப்புகளில் வாழ்ந்த, வேற்று நாட்டிலிருந்து குடியேறிய ஏழை முதியவர்கள். ஊரின் மொழியும் போக்குவரத்தும் அவர்களுக்கு அந்நியமாக இருந்தன. பிரிட்டன் ஆய்வில் சேர்ந்தவர்கள் தொடக்கத்திலேயே ஓரளவு நல்ல மனநிலையில் இருந்தவர்கள். செய்ய வழி அடைபட்டிருந்தவர்களுக்கு வழி திறந்தால் பலன் தெரிகிறது, ஏற்கெனவே வழி இருந்தவர்களுக்குத் தெரியவில்லை என்று இதைப் புரிந்துகொள்ளலாம். அது நிரூபணம் ஆகாது என்பது உண்மைதான். ஆனால் வில்காக்கின் வாதம் எல்லோருக்கும் ஒரு வகுப்பு நடத்துவதைப் பற்றியது என்று நினைத்தால்தான் பிரிட்டன் முடிவு அதைத் தகர்க்கும். அவர் பேசியது அடைபட்ட வழிகளைப் பற்றி.

செயல் எல்லாமே நன்மை தருவதா என்ற கேள்வியில் நெடுநேரம் நிற்க வேண்டியதில்லை. குடியும் சூதும் சிலருக்கு அன்றைய நாளை நிறைக்கும் ஈடுபாடுகளே. ரெபெக்கா ட்வின்லி போன்ற ஆய்வாளர்கள் இந்த இருண்ட பக்கத்தைத் துறை கண்டுகொள்ளாமல் இருந்ததைச் சரியாகவே சுட்டிக்காட்டினார்கள். உணவு உடலுக்கு அவசியம் என்ற கூற்றை, கெட்ட உணவும் உண்டு என்ற கூற்று பொய்யாக்கிவிடாது. கனடாவின் கேரன் வாலி ஹாம்மெல் 2009இல் எழுப்பிய விமர்சனம் இதைவிட ஆழமானது. வேலை, தன்னைப் பேணல், பொழுதுபோக்கு என்று வாழ்க்கையைப் பிரிப்பதும், தனிமனிதர் தன் இலக்கைத் தானே தேர்ந்து முன்னேறுவதே நலம் என்பதும் மேற்கின் நடுத்தர வர்க்கத்தின் எண்ணங்கள், அவற்றை உலகப் பொதுவான உண்மைகளாகத் துறை நம்பிவிட்டது என்றார் அவர். ஜப்பானிய அனுபவத்திலிருந்து மைக்கேல் இவாமாவும் 2006இல் வந்த நூலில் இதையே வேறு விதமாக வாதிட்டார். தனிமனிதரைச் சூழலிலிருந்து பிரித்து எடுத்துப் பேசும் கோட்பாடுகள் அங்கே பொருந்தாமல் போனதால், ஆற்றின் ஓட்டத்தை உருவகமாகக் கொண்ட மாற்று மாதிரி ஒன்றை உருவாக்கினார். இந்த விமர்சனங்களை நான் ஏற்கிறேன். வில்காக் சேர்ந்திருத்தலைப் பிற்காலத்தில் சேர்த்துக்கொண்டது நல்ல திருத்தம், ஆனால் அது நான்காவதாக வந்தது. வயதான மாமியாரைக் கவனித்துக்கொள்ளும் ஒரு பெண்ணுக்கு, செய்தலும் சேர்ந்திருத்தலும் வேறு வேறாகத் தெரியாது. அதே பெண்ணுக்கு அந்தக் கடமையிலிருந்து ஒருநாள்கூட விலக உரிமை இல்லை என்றால், குடும்பத்தோடு சேர்ந்திருப்பதே நலம் என்று அவளிடம் சொல்வதும் அநியாயம். பண்பாட்டு விமர்சனம், தன் நாளின்மேல் ஒருவருக்குள்ள அதிகாரம் என்ற கேள்வியை நீக்கிவிடுவதில்லை. அந்தக் கேள்வியைக் குடும்பத்துக்குள்ளும் எழுப்ப வேண்டும் என்றே அது சொல்கிறது.

எல்லாவற்றிலும் கடுமையான மறுப்பு வரலாற்றிலிருந்து வருகிறது, மிகுந்த கவனத்துக்கு உரியதும் அதுதான். வேலை நல்லது என்ற கருத்து, ஏழையையும் நோயாளியையும் வற்புறுத்துவதற்கே பெரும்பாலும் பயன்பட்டிருக்கிறது. இங்கிலாந்தின் ஏழை விடுதிகளில் உணவுக்கு விலையாகக் கல் உடைக்கவைத்தவர்கள் உழைப்பின் ஒழுக்கப் பயனைத்தான் காரணமாகச் சொன்னார்கள். யார்க் இல்லத்தில் மனிதாபிமானமாகத் தொடங்கிய ஒன்று, பெரிய மனநோயாளி விடுதிகளில் கூலியில்லா உழைப்பாக மாறியது. சலவைக்கூடமும் சமையலறையும் பண்ணையும் நோயாளிகளின் கைகளால் ஓடின, அதற்குச் சிகிச்சை என்று பெயர். அப்படி உழைப்பவர்களுக்கும் தொழிலாளர் சட்டம் பொருந்தும், கூலி கொடுக்க வேண்டும் என்று 1973இல் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது. விளைவு சோகமானது: பல விடுதிகள் கூலி கொடுப்பதற்குப் பதிலாக வேலையையே நிறுத்திவிட்டன, சுரண்டப்பட்டவர்கள் சும்மா உட்காரவைக்கப்பட்டார்கள். இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் நோயாளிகளைக் கட்டாயமாக வேலை வாங்கக் கூடாது என்றும் செய்த வேலைக்கு உரிய ஊதியம் தர வேண்டும் என்றும் இரண்டையும் ஒருசேரச் சொல்கிறது. வேலை நல்லது என்று சொல்லி வற்புறுத்துவது அண்மைக் காலத்திலும் தொடரும் கதை. 2006இல் பிரிட்டிஷ் அரசுக்காக கார்டன் வாடெலும் கிம் பர்ட்டனும் தயாரித்த அறிக்கை, வேலை பொதுவாக உடலுக்கும் மனத்துக்கும் நல்லது என்று ஆய்வுகளைத் தொகுத்துக் கூறியது. வேலையின் தன்மையும் தரமும் சூழலும் முக்கியம் என்ற நிபந்தனையையும் அது வைத்தது. அரசியல் மேடைகளில் முதல் பாதி மட்டுமே ஒலித்தது. ஊனமுற்றோரின் உதவித்தொகையைத் தகுதிச் சோதனைகளால் இறுக்கிய ஆண்டுகளில், வேலைக்கு அனுப்புவது அவர்கள் நலனுக்கே என்ற பேச்சு தாராளமாகக் கேட்டது.

வில்காக்கின் வாதத்தை உயிரியலின்மேல் மட்டும் நிறுத்தினால் இந்த மறுப்புக்குப் பதில் சொல்ல முடியாது. செயல் உடலின் தேவை என்றால், மருந்தைப் புகட்டுவதுபோல அதையும் புகட்டலாம் என்று ஓர் அதிகாரி வாதிடுவார். அதை உரிமையின்மேல் நிறுத்தினால் அவர் வாய் அடைபடும், ஏனென்றால் ஒன்றைச் செய்யும் உரிமைக்குள் அதை மறுக்கும் உரிமையும் அடங்கியிருக்கிறது. வில்காக்கே பின்னாளில் இந்தத் திசையில்தான் நகர்ந்தார் என்பது அவர்மேல் எனக்குள்ள மதிப்பைக் கூட்டுகிறது. கனடாவின் எலிசபெத் டவுன்செண்டுடன் சேர்ந்து அவர் வளர்த்த செயல் நீதி என்ற கருத்து, யாருக்கு எதைச் செய்யும் வாய்ப்புக் கிடைக்கிறது, யாருக்கு மறுக்கப்படுகிறது, யார்மேல் அளவுக்கு மிஞ்சிச் சுமத்தப்படுகிறது என்று மூன்றையும் ஒரே தராசில் வைத்துப் பார்க்கச் சொல்கிறது. அவருடைய ஆஸ்திரேலியச் சகாவான கெயில் வைட்ஃபோர்டு, தன் கட்டுப்பாட்டில் இல்லாத காரணங்களால் ஒருவர் நெடுங்காலம் செயலிலிருந்து விலக்கிவைக்கப்படுவதைச் செயல் மறுப்பு என்று வரையறுத்து, சிறைகளிலும் அகதிகளிடமும் அதை ஆராய்ந்தார். ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகளின் உலகக் கூட்டமைப்பு 2006இல் மனித உரிமை பற்றித் தன் நிலைப்பாட்டை வெளியிட்டபோது இந்தச் சிந்தனையின் தடம் அதில் தெரிந்தது. நீதியின் மொழி மிகவும் பரந்தது, அதைக் கொண்டு எதையும் கோரிவிடலாம் என்று சொல்பவர்கள் உண்டு. பரந்த கருத்தின் பயனை அது எதைக் கண்ணில் படவைக்கிறது என்பதைக் கொண்டே மதிப்பிட வேண்டும்.

அது எதைக் கண்ணில் படவைக்கிறது என்பதற்கு வில்காக்கின் நாட்டிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது, அதில் தமிழர்களும் இருக்கிறார்கள். 2012 ஆகஸ்ட் 13க்குப் பிறகு படகில் வந்து புகலிடம் கோரியவர்களைத் தடுப்பு முகாமிலிருந்து வெளியே விட்ட ஆஸ்திரேலிய அரசு, அவர்களுக்கு வேலை செய்யும் அனுமதியைத் தரவில்லை. வேலையற்ற குடிமக்களுக்குத் தருவதைவிடக் குறைந்த உதவித்தொகையை மட்டும் கொடுத்தது. அவர்களில் இலங்கையிலிருந்து வந்த தமிழர்கள் கணிசமானவர்கள். 2014இன் இறுதியில்தான் அந்தத் தடை தளரத் தொடங்கியது. போரின் நடுவிலும் மீன்பிடித்தவர்களும் வயல் பார்த்தவர்களும் கடை நடத்தியவர்களும் மெல்பர்ன், சிட்னி புறநகர்களின் வாடகை அறைகளில் ஆண்டுக்கணக்கில் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவைக்கப்பட்டார்கள். இது ஒரு தண்டனை என்பதை அரசு வெளிப்படையாகச் சொல்லவில்லை. மற்றவர்கள் படகேறுவதைத் தடுக்கும் வழி என்று சொன்னது. இதன் மருத்துவ விலையை அறியப் புதிய ஆய்வுக்குக் காத்திருக்கவும் வேண்டியதில்லை. சாகரி ஸ்டீல், டெரிக் சிலோவ் ஆகியோரின் குழு 1999இல் வெளியிட்ட ஆய்வு, ஆஸ்திரேலியாவில் வாழ்ந்த தமிழர்கள் 196 பேரிடம் நடத்தப்பட்டது. புகலிடம் கோரியோர், அகதிகள், வழக்கமான குடியேறிகள் என்று மூன்று வகையினரும் அதில் இருந்தார்கள். அவர்களுடைய மன அதிர்ச்சி அறிகுறிகளின் ஏற்ற இறக்கத்தில் 20 சதவீதத்தைப் புலம்பெயர்வதற்கு முன் பட்ட கொடுமைகள் விளக்கின, 14 சதவீதத்தை வந்து சேர்ந்த நாட்டின் நெருக்கடிகள் விளக்கின. அந்த நெருக்கடிகளில் வேலை ஒரு பகுதி மட்டுமே, விசாரணை பற்றிய அச்சமும் குடும்பப் பிரிவும் அதில் அடங்கும். ஆனாலும் ஒன்று தெளிவாகிறது: போரில் நடந்ததை எந்த மருத்துவராலும் மாற்ற முடியாது, அந்த இரண்டாவது எண்ணுக்குப் பின்னால் இருப்பவற்றையோ ஓர் அமைச்சரின் கையெழுத்தால் மாற்றலாம். வேலை அனுமதியை மறுத்த ஆணையை ஒரு குடியேற்றக் கொள்கையாக மட்டும் பார்க்கும்வரை, அதைப் பற்றிப் பேசச் சுகாதாரத் துறைக்கு வாய் இல்லை. வில்காக்கின் கண்ணால் பார்த்தால் அது ஒரு மக்கள்கூட்டத்தின்மேல் தெரிந்தே சுமத்தப்பட்ட நோய்க்காரணம், பேசுவது சுகாதாரத் துறையின் கடமை.

அந்தக் கடமையைச் செய்ய யாருக்குச் சம்பளம் தரப்படுகிறது என்பதில்தான் வில்காக்கின் திட்டம் இன்றும் முட்டிக்கொண்டு நிற்கிறது. ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகளில் பெரும்பாலோர் மருத்துவமனைகளிலும் மையங்களிலும் ஒரு நோயாளிக்கு ஓர் அமர்வு என்ற கணக்கில் வேலை செய்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் 2013இல் தொடங்கிய தேசிய ஊனமுற்றோர் காப்பீட்டுத் திட்டம் அவர்களுக்கு வேலைகளைப் பெருக்கியது, ஆனால் அதுவும் பெரும்பாலும் தனிமனிதத் திட்டங்களுக்கே பணம் தருகிறது. ஓர் ஊரில் ஆலை மூடப்படும்போது, ஒரு முகாமில் சமைக்கும் உரிமை பறிக்கப்படும்போது, ஒரு முதியோர் இல்லத்தில் எழுபது வயதுக்காரரிடமிருந்து காய் நறுக்கும் வேலைகூட எடுக்கப்படும்போது, அதனால் யார் யார் நோயில் விழுவார்கள் என்று முன்கூட்டியே கணக்கிட்டு அறிக்கை தரும் பதவி எந்த அரசிலும் இருப்பதாக நான் அறியவில்லை. பெரிய தொழிற்சாலைக்கு அனுமதி கேட்டால் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை கேட்கும் வழக்கம் 1970களுக்கு முன் எங்குமே பெரிதாக இருந்ததில்லை. இன்று பல நாடுகளில் அது சட்டம். ஒரு கொள்கை மக்களின் நாளிலிருந்து எவற்றைப் பறிக்கிறது என்று அதேபோல எழுத்தில் கேட்கச் சொல்வது வில்காக்கின் எழுத்துகளிலிருந்து நேராகப் பிறக்கும் கோரிக்கை. அதை முதலில் எங்கே கேட்கலாம் என்றால், வேலைத்தடை போன்ற ஆணைகளில் தொடங்கலாம்: அங்கே பறிப்பவர் யார், பறிகொடுப்பவர் யார் என்பது அரசாணையிலேயே எழுதப்பட்டிருக்கிறது.